சென்னை சென்ட்ரல் மெட்ரோ நிலையம்

சென்னை மெட்ரோ இரயிலின் நீல வழித்தடமும் பச்சை வழித்தடமும் தரைக்கடியில் சந்திக்கும் நிலையம். ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் சென்ட்ரல் இரயில் நிலையம், ரிப்பன் மாளிகை, இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை ஆகிய மூன்றுக்கும் நடுவே அமைந்துள்ளது. 2018 மே 25 அன்று திறக்கப்பட்டது. தடம் மாறும் நிலையமாக இயங்கத் தொடங்கியது 2019 பிப்ரவரி 10 முதல். முழுப்பெயர் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் சென்ட்ரல் மெட்ரோ. இரயில் நிலையத்துக்கு 2019-இல் இந்தப் பெயர் வந்தது, மெட்ரோவுக்கு 2020 ஜூலை இறுதியில். மக்கள் வாயில் இரண்டுமே இன்றும் "சென்ட்ரல்"தான்.

இந்த நிலையம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சென்னைவாசியைவிடக் காவிரி டெல்டாக்காரரே நன்றாகச் சொல்வார். காரைக்காலிலிருந்தோ அதை அடுத்த நெரவியிலிருந்தோ இரயிலில் சென்னை வந்தவர்கள் காலங்காலமாக இறங்கியது எழும்பூரில். அங்கிருந்து டெல்லிக்கோ பம்பாய்க்கோ போக வேண்டுமென்றால் சென்ட்ரலுக்குப் போய்த்தான் இரயில் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். ஆனால் தலைச்சுமையோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு அதுவே பயணத்தின் மிகக் கடினமான பகுதி. குதிரை வண்டி, சைக்கிள் ரிக்‌ஷா, ஆட்டோ என்று வாகனம் மாறியதே தவிர, இந்த இடைவெளி நூறாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது.

இரட்டை நிலையங்களின் வரலாறு

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. மெட்ராஸ் இரயில்வேயின் புதிய நிலையமாக 1873-இல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. வடக்கே, மேற்கே போகும் அகலப்பாதை வண்டிகள் அங்கிருந்து கிளம்பின. அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ. இருக்கும். தெற்கே தஞ்சை, திருச்சி, மதுரைப் பக்கம் போகும் தடங்களைத் தென்னிந்திய இரயில்வே என்ற வேறொரு நிறுவனம் 1,000 மி.மீ. மீட்டர் பாதையில் நடத்தியது. அதற்கான பெரிய நிலையமாக 1908-இல் எழும்பூர் எழுந்தது. நிறுவனமும் வேறு, பாதையின் அளவும் வேறு. ஒன்றின் வண்டி மற்றதன் தண்டவாளத்தில் ஓட முடியாது. ஆகவே ஒரே ஊரில் இரண்டு பெரிய நிலையங்கள் ஒன்றையொன்று தொடாமலே வளர்ந்தன.

காரைக்கால் அந்த மீட்டர் பாதை உலகத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சு ஆட்சியின்போது 1898-இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்குக் கிளைப்பாதை போடப்பட்டது. 1987-இல் அது நிறுத்தப்பட்டு, ஒரு தலைமுறை இரயிலே இல்லாமல் வளர்ந்தது. நாகூரிலிருந்து அகலப்பாதை நீண்டு காரைக்காலைத் தொட்டது 2011 டிசம்பரில். அதற்குள் எழும்பூரும் அகலப்பாதைக்கு மாறிவிட்டது. பாதையின் அளவு ஒன்றான பிறகும் இடைவெளி மட்டும் போகவில்லை.

இதற்கிடையில் சென்ட்ரலைச் சுற்றி மேலும் நிலையங்கள் முளைத்தன. கடற்கரை – தாம்பரம் மின்சார இரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது, சாலைக்கு அந்தப்பக்கம் பார்க் நிலையம் வழியாக. மூர் மார்க்கெட் என்ற சந்தை 1985-இல் எரிந்துபோன இடத்தில் புறநகர் இரயில்களுக்கான வளாகம் வந்தது. 1995-இல் பறக்கும் இரயில் வந்து பார்க் டவுன் நிலையத்தைச் சேர்த்தது. எழும்பூரிலிருந்து மின்சார இரயிலில் ஒரே நிறுத்தத்தில் பார்க் வந்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே படியேறி இறங்கி, சென்னையின் மிக நெரிசலான சாலைகளில் ஒன்றைக் கடந்து, மறுபடி சென்ட்ரல் வாசல்வரை சுமையோடு நடக்க வேண்டும். கூப்பிடு தூரத்தில் நான்கைந்து நிலையங்கள் இருந்தும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பயணியைக் கூட்டிச்செல்ல ஒழுங்கான வழி யாரும் செய்யவில்லை.

கட்டுமானம்

சென்னை மெட்ரோ இரயில் நிறுவனம் 2007 டிசம்பரில் பதிவானது. மத்திய அமைச்சரவை 2009 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு இரண்டு தடங்களுக்கும் சேர்த்து 45 கி.மீ. திட்டமிடப்பட்டது, அதில் பாதிக்கு மேல் சுரங்கம். இரு தடங்களும் இரண்டே இடங்களில் சந்திக்கின்றன. ஆலந்தூரில் தரைக்கு மேலே, சென்ட்ரலில் தரைக்குக் கீழே.

சென்ட்ரல் பகுதியில் மண் தோண்டுவது எளிதல்ல. பக்கத்தில் கூவம், பக்கிங்காம் கால்வாய், சற்றுத் தள்ளிக் கடல். கொஞ்சம் ஆழம் போனாலே ஊற்றெடுக்கும். காவிரிக் கடைமடையில் கிணறு வெட்டியவர்களுக்கு இது பழகிய சங்கதிதான், ஆனால் இங்கே வெட்டியது ஏறத்தாழ 28 மீட்டர் ஆழத்துக்கு. சுற்றிலும் நிற்பவையோ 1873-இன் சென்ட்ரல் கட்டடம், 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகை, அதன் பக்கத்திலேயே விக்டோரியா பொது மண்டபம். நகரத்துச் சுரங்க நிலையங்களைக் கட்டும் வழக்கமான முறை இது: முதலில் நிலையத்தின் நான்கு பக்கமும் குறுகிய பள்ளம் வெட்டி, மண் சரியாதபடி பென்டோனைட் களிக்குழம்பை ஊற்றி நிரப்புவார்கள். அந்தக் குழம்புக்குள்ளேயே கம்பிக்கூட்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றினால், கான்கிரீட் ஏற ஏறக் குழம்பு மேலே வெளியேறும். சுவர் இறுகிய பிறகே உள்மண்ணை எடுப்பார்கள். தண்ணீரையும் சரிவையும் தடுத்து நிறுத்துவது இந்தச் சுவர்தான். நிலையங்களுக்கு இடையிலான சுரங்கப்பாதைகளைத் துளையிடும் இயந்திரங்கள் குடைந்தன.

திறப்பு இரண்டு கட்டமாக நடந்தது. 2018 மே 25 அன்று நேரு பூங்காவிலிருந்து எழும்பூர் வழியாகச் சென்ட்ரல் வரை பச்சைத் தடம் வந்தது. என்னைக் கேட்டால், இந்த நிலையத்தின் வரலாற்றில் மிக முக்கியமான நாள் இதுதான். எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் இடையே நேரடி இரயில், இடையில் வேறு நிறுத்தமே இல்லாமல், சில நிமிடங்களில். அண்ணா சாலையின் அடியில் சுரங்கவேலை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் 2015-இல் விலக நேர்ந்து அங்கே பணி தாமதப்பட்டதால், நீலத் தடம் சென்ட்ரலை எட்ட மேலும் எட்டரை மாதமாயிற்று. சென்ட்ரல் வழியே செல்லும் அதன் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். – வண்ணாரப்பேட்டைப் பகுதியைத் திருப்பூரிலிருந்தபடி பிரதமர் தொடங்கிவைத்தார். 2021 பிப்ரவரியில் அத்தடம் விம்கோ நகர் வரை நீண்டது.

மெட்ரோவின் தண்டவாள இடைவெளி 1,435 மி.மீ. பழைய மீட்டர் பாதைக்கும் அகலப்பாதைக்கும் நடுவிலான அளவு.

அமைப்பு

மேலே டிக்கெட் தளம், அதற்குக் கீழே நீலத் தடம், அடித்தளத்தில் பச்சைத் தடம். தடம் மாற வெளியே வர வேண்டியதில்லை, மறு டிக்கெட்டும் வேண்டாம். நடைமேடை ஓரம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு நிற்கிறது. வண்டி வந்து நின்ற பிறகே அதன் கதவும் வண்டியின் கதவும் சேர்ந்து திறக்கும்.

விடியற்காலை எழும்பூரில் ஊர் வண்டியிலிருந்து இறங்கி முதல் மெட்ரோவில் வருகிறவர்களை இங்கே அடையாளம் கண்டுகொள்ளலாம். நகரும் படிக்கட்டின் முன்னால் ஒரு கணம் தயங்குவார்கள். பையை முதலில் படியில் வைத்து, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, பிறகே காலை வைப்பார்கள். பலர் கையில் ஸ்கேன் எடுத்த பெரிய உறை இருக்கும். அவர்கள் போவது எதிரே உள்ள பெரியாஸ்பத்திரிக்கு. அந்த உறையோடு வருகிறவர் சாலையைக் கடக்காமல் மருத்துவமனைப் பக்கம் போய் மேலேறலாம் என்ற ஒன்றுக்காகவே இத்தனை ஆழம் தோண்டியது தகும்.

ஒப்பீடு

காரைக்கால், நெரவிக் குடும்பங்களில் பிரான்சு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் பலர் பாரிஸ் வட்டாரத்தில் வாழ்கிறார்கள். தடம் மாறும் சுரங்க நிலையம் என்றால் அவர்களுக்கு நினைவு வருவது ஷாத்லே. 1900-இல் பாரிஸ் மெட்ரோவின் முதல் தடத்தில் திறந்த அந்நிலையத்தில் இன்று ஐந்து மெட்ரோ தடங்கள் கூடுகின்றன. 1977-இல் பக்கத்திலேயே புறநகர் விரைவு இரயில்களின் நிலையமும் சேர்ந்தது. அங்கே தடத்துக்குத் தடம் நீண்ட நடைபாதைகளில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். சென்ட்ரலில் இரு தடங்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருப்பதால் மாறுவது எளிது. வழிகாட்டிப் பலகைகளில் மட்டும் சென்னை கற்றுக்கொள்ள வேண்டியது இன்னும் இருக்கிறது. எந்த வாசல் ஆஸ்பத்திரிக்கு, எது விரைவு இரயிலுக்கு என்பதைப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் படக்குறிகளோடு, பெரிதாகக் காட்ட வேண்டும்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தின் மூன்று தடங்களில் எதுவும் சென்ட்ரலைத் தொடவில்லை. அக்கட்டத்தில் சென்ட்ரலைவிட ஆழமான சந்திப்பு நிலையமாகத் திருமயிலை அமைகிறது, அங்கே பறக்கும் இரயில் நிலையமும் அருகிலேயே உள்ளது.