இடிப்பதற்கு முன் ஒரு படி

இரண்டு வாரமாக என்னிடமிருந்து எதுவும் வரவில்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று நாலைந்து நண்பர்கள் தொலைபேசியில் விசாரித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. சீக்கு வந்தது என் கணினிக்குத்தான். பொத்தானை அழுத்திவிட்டு, குளித்து, விபூதி இட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நான் கூப்பிடாத விளம்பரங்கள் எல்லாம் தாமாக வந்து நின்றன. எதிர்வீட்டுத் தறிக்காரர் மகனைக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "பெரியப்பா, வைரஸ் நல்லா ஊறிப் போச்சு. ஃபார்மேட் பண்ணிப் புதுசா ஓ.எஸ். போட்டாத்தான் சரியாகும்" என்றான்.

ஃபார்மேட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்குக் காரணம் உண்டு. கடைசியில் சொல்கிறேன். முதலில், இந்த 'இடித்துக் கட்டும்' வேலை நம் ஊர்ப்பக்கம் எவ்வளவு பழையது என்று சொல்ல வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையில் திருமழபாடி என்று ஓர் ஊர். அங்கே வைத்தியநாதசுவாமி கோயில். முதலாம் ராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013-ஐ ஒட்டி, அந்தக் கோயிலின் கருவறையைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பழைய சுவரில் கல்வெட்டுகள் இருந்தன. யார் நிலம் கொடுத்தார்கள், எந்த விளக்குக்கு எத்தனை ஆடு என்று எழுதி வைப்பது கல்வெட்டில்தானே? சுவரை இடித்தால் அத்தனையும் போய்விடும். ஆகவே, இடிப்பதற்கு முன்னால் அவற்றையெல்லாம் புத்தகத்தில் படி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பின்னர் அவன் மகன் முதலாம் ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், புதிய சுவரில் அவற்றைத் திரும்ப வெட்டினார்கள். இடையில் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள், ராஜாவே மாறிவிட்டார். ஆனாலும் படி பத்திரமாக இருந்தது. இந்தச் செய்தியையும் அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது.

கணினிக்கு ஓ.எஸ். மாற்றுவதும் இதே வேலைதான். ஓ.எஸ். என்றால் இயங்குதளம். பிள்ளையார்பாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தறி மரமும் இரும்பும். அதன் தலைமேல் இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். அட்டை சொல்கிறபடி இழை தூக்கும். அட்டையை மாற்றினால் அதே தறியில் வேறு டிசைன். பிரான்ஸில் லியோன் நகரத்து ஜக்கார் 1804-இல் பதிவு செய்த ஏற்பாடு இது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் அவர் பெயரைப் பாடத்தில் வாசித்தேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகுதான் அவருடைய பெட்டியை மாமனார் வீட்டில் நேரில் பார்த்தேன். கணினியிலும் பெட்டி தறி மாதிரி; இயங்குதளம் அட்டைக் கட்டு மாதிரி. தறி கெடவில்லை, அட்டைதான் நாசமாகிவிட்டது என்றால் அட்டைக் கட்டைத்தான் மாற்ற வேண்டும்.

அட்டையை நாசமாக்குகிற வைரஸ் எங்கிருந்து வந்தது? தன்னைத்தானே படி எடுத்துக்கொண்டு பரவும் நிரலுக்கு 'வைரஸ்' என்ற பெயர் அமெரிக்காவில் 1983-ஐ ஒட்டி வழக்குக்கு வந்தது. ஃபிரெட் கோஹன் என்ற மாணவர் அதைச் செய்து காட்டினார். பெயரைச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் ஏடில்மன். ஐ.பி.எம். வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் பிறந்தது அமெரிக்காவில் அல்ல, லாகூரில். 1986-இல் பாசித், அம்ஜத் என்ற இரண்டு சகோதரர்கள், தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகல் எடுப்பவர்களைப் பிடிப்பதற்காக என்று சொல்லி, 'பிரெய்ன்' என்ற ஒன்றை எழுதினார்கள். அதற்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் போட்டிருந்தார்கள்! கன்னம் வைத்த சுவரில் விசிட்டிங் கார்டை ஒட்டிவிட்டுப் போன மாதிரி. அது கணினி முதலில் வாசிக்கும் ஃபிளாப்பியின் முதல் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபிளாப்பி மெதுவாகும், பெரிய சேதம் இல்லை.

அதன் பிறகு வந்தவை அப்படி மரியாதை தெரிந்தவை அல்ல. தைவானில் ஒரு மாணவர் எழுதிய சி.ஐ.எச். என்ற வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று விழித்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்தது. செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி என்பதால் அந்தப் பெயரும் அதற்கு வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து 'ஐ லவ் யூ' என்று தலைப்பிட்டு ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. காதல் கடிதம் என்று திறந்தவர்களின் புகைப்படக் கோப்புகள் மேல் தன்னையே எழுதிக்கொண்டது. பிறகு பென் டிரைவ் காலம். ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் அச்செடுக்கப் போய், வைரஸை வீட்டுக்கு அழைத்து வந்தோம். செருகியவுடனே உள்ளே இருப்பதைத் தானாக ஓட்டும் வசதி விண்டோஸில் இருந்ததே காரணம். 2011-இல்தான் பழைய விண்டோஸ்களுக்கும் அதைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள்.

சரி, வைரஸை மட்டும் பொறுக்கி எடுத்தால் போதாதா, ஏன் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்று பையனிடம் கேட்டேன். "பெரியப்பா, உங்க ஆபீஸ்ல ஒருத்தன் அதிகாரி கையெழுத்தையும் முத்திரையையும் போலியாப் போட்டுட்டான்னு வச்சுக்கோங்க. அதுக்கப்புறம் எந்த ஆர்டரை நம்புவீங்க?" என்றான். முப்பத்துநாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வைரஸ் இயங்குதளத்தின் அதிகாரத்தையே பிடித்துக்கொண்டால், 'எல்லாம் சுத்தம்' என்று அந்த இயங்குதளம் கொடுக்கும் சான்றிதழுக்கு மதிப்பில்லை. ஆகவே வெளியிலிருந்து, நம்பகமான இடத்திலிருந்து எடுத்த புதிய படியை நிறுவுவதே வழி.

அதிலும் இரண்டு எச்சரிக்கைகள் சொன்னான். மெதுவாக இருப்பதெல்லாம் வைரஸ் அல்ல. நினைவகம் போதாமல் இருக்கலாம், வன்தட்டு நிறைந்திருக்கலாம், அல்லது வன்தட்டே தேய்ந்துபோயிருக்கலாம். தேய்ந்த வன்தட்டில் எத்தனை தடவை புது ஓ.எஸ். போட்டாலும் பலனில்லை. இரண்டாவது, புதிதாகப் போட்ட பிறகு பழைய பென் டிரைவைச் சோதிக்காமல் செருகினால் போன வைரஸ் மறுநாளே திரும்பிவிடும். ஃபிளாப்பி காலத்திலேயே பலர் இப்படி ஏமாந்தார்கள். நியூசிலாந்தில் தோன்றிய 'ஸ்டோன்டு' என்ற வைரஸ், சாதாரண ஃபார்மேட் கைவைக்காத வன்தட்டின் முதல் துண்டில் இருந்துகொண்டு, ஃபார்மேட் முடிந்ததும் பழையபடி எழுந்து வரும்.

இவ்வளவு விவரம் அவனுக்கு எப்படித் தெரியும்? பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினியில் கற்றுக்கொண்டதாம். 2011 செப்டம்பர் 15, நம்மூர் அண்ணா பிறந்த நாளன்று தொடங்கிய திட்டம் அது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் என்பது 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகம் முழுவதும் ஆட்கள் சேர்ந்து வளர்த்த இலவச இயங்குதளம். சென்னையில் சி-டாக் நிறுவனம் அதை வைத்து 'பாஸ்' என்ற இந்தியப் பதிப்பையும் செய்தது. பையன் நாலு தடவை மடிக்கணினியைக் கெடுத்து, நாலு தடவை திரும்ப நிறுவி, தொழிலைக் கற்றான். நம் காஞ்சியிலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது என்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது என் வயிற்றைக் கலக்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

என் மாமனார் அறுபது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். கடைசிக் காலத்தில், கண் பார்வை மங்கிய பிறகு, மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பழைய கதைகளைச் சொல்வார். எந்தக் கரைக்கு என்ன பெயர், கோர்வை போடும்போது பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் யார், ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன் கயிறு கட்டி அடை இழுத்தது எப்படி, சாயம் காய்ச்சும்போது கையில் தடவிக்கொள்வது என்ன என்று. நான் நோட்டில் குறித்து, 2002-இலிருந்து கணினியில் தட்டச்சு செய்தேன். நாற்பது பக்கம் வந்தது. தட்டச்சு முடிந்துவிட்டதே என்று நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். 2004-இல் அவர் காலமானார். 2006-இல் கணினிக்கு வைரஸ் வந்தது. பழுது பார்க்கக் கொடுத்தேன். பழுது பார்த்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாளில் கணினி புதுப் பெண்ணைப் போல வந்தது. உள்ளே எதுவும் இல்லை.

அவரை நான் குறை சொல்ல முடியாது. கோப்புகளை ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு என்று பிரித்துக் கட்டி வைத்தே சம்பளம் வாங்கியவன் நான். என் வீட்டு நிரந்தரக் கோப்புக்கு ஒரு படி எடுக்கத் தோன்றவில்லை. வீட்டில் என் மனைவி இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுவதும் கோப்புகளைப் பூட்டி, திறக்க 300 டாலர் கேட்டபோது செய்தித்தாளில் படித்தேன். புது இயங்குதளம் போட்டால் கணினி திரும்பும். பூட்டிய கோப்பு திரும்பாது. வேறு இடத்தில் படி வைத்திருந்தவர்கள் மட்டுமே கவலையில்லாமல் இருந்தார்கள். படி எடுத்து வைப்பதற்குப் பிரெஞ்சில் 'சோவ்கார்த்' என்பார்கள். காத்து நிற்பது, காவல் என்று பொருள். பள்ளியில் அந்தச் சொல்லைப் படித்தபோது கோட்டை, படை என்றுதான் நினைத்தேன்.

இந்த முறை எதிர்வீட்டுப் பையன் கணினியைத் தொடுவதற்கு முன், "என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் போடுங்க பெரியப்பா" என்றான். எல்லாவற்றையும் தனி வன்தட்டில் படி எடுத்து, அதை வேறொரு சுத்தமான கணினியில் திறந்து பார்த்த பிறகே ஃபார்மேட் செய்தான். லிஸ்ட் போடும் சாக்கில் வீட்டையெல்லாம் குடைந்தபோது, பெங்களூரிலிருக்கும் மகளையும் கேட்டேன். 2003-இல் அவளுக்குப் படிக்கக் கொடுத்த சி.டி. ஒன்றை அவள் எடுத்து வந்தாள். அதில் மாமனாரின் நாற்பது பக்கத்தில் பதினொரு பக்கம் இருந்தது!

திறந்தால் தமிழே இல்லை; பூச்சி பூச்சியாக ஏதோ குறிகள். நாங்கள் அன்று பயன்படுத்திய எழுத்துரு இன்றைய கணினியில் கிடையாது. அப்போது ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு தமிழ். ஒன்றில் அடித்ததை இன்னொன்று வாசிக்காது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்று தர அமைப்புகள் வந்தன. 2010-இல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துருவில் அடித்துப் பழகிய என் நண்பர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். நம் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் கைலாசநாதர் கோயில். அங்கே சுற்றுச் சிறுகோயில்களில் ராஜசிம்மனின் பட்டப்பெயர்களை ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து வகைகளில், ஒன்றன் கீழ் ஒன்றாக வெட்டியிருப்பார்கள். இத்தனை வருஷம் அதை வெறும் அலங்காரம் என்று நினைத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு எழுத்து வழக்கொழிந்தாலும் இன்னொன்று வாசிக்கக் கிடைக்கும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பையன் ஏதோ மாற்றியில் போட்டு, பதினொரு பக்கத்தையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தான். ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு, இருதலைப்பட்சி என்று மாமனார் சொன்ன கரைப் பெயர்கள் வரிசையாக வந்தன. என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று முழுவதும் வாசித்தாள். "அப்பா அடை இழுத்தது எங்கே?" என்றாள். அது போன பக்கங்களில் இருந்தது.

இப்போது அந்தப் பதினொரு பக்கத்துக்கு மூன்று படி இருக்கிறது. ஒன்று கணினியில், ஒன்று பீரோவில் தனி வன்தட்டில், ஒன்று மகளிடம். நாலாவதாக, காகிதத்தில் அச்செடுத்து பைண்டு செய்தும் வைத்திருக்கிறேன். அடை இழுத்த காலத்தை அறிந்த பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். நோட்டோடு வந்து உட்காருகிறேன். இந்த முறை நோட்டைப் பழைய பேப்பருக்குப் போட மாட்டேன்.