மட்சுமோட்டோவும் டோக்கியோவும்

ஜப்பானில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழு சாரின் நச்சைப் பொதுமக்கள்மீது இரண்டு முறை பெரிய அளவில் ஏவியது. முதலாவது 1994 ஜூன் 27 இரவு, மட்சுமோட்டோ நகரில். இரண்டாவது 1995 மார்ச் 20 காலை, டோக்கியோ சுரங்க ரயிலில். இரண்டாவதை உலகம் அறியும். முதலாவதை ஒழுங்காகப் படித்திருந்தால் இரண்டாவதன் சேதம் வெகுவாகக் குறைந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

மட்சுமோட்டோவில் குறிவைக்கப்பட்டவர்கள், அக்குழுவின் நில வழக்கை விசாரித்த நீதிபதிகள். அவர்கள் குடியிருப்பருகே லாரியிலிருந்து பரவிய வாயு, காற்று போன போக்கில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது. குளத்து மீன்கள் செத்து மிதந்தன. ஏழு பேர் மாண்டார்கள். ஆம்புலன்ஸுக்கு முதலில் போன் செய்தவர் வீட்டில் சில ரசாயனங்கள் இருந்தன. காவல்துறையின் சந்தேகம் அவர்மீதே விழுந்தது, பத்திரிகைகளும் அவரையே குற்றவாளியாக்கின. அவருடைய மனைவி அன்றிரவு நினைவிழந்தவர். 14 ஆண்டுகள் அப்படியே கிடந்து, 2008இல் எட்டாவது பலியாக இறந்தார்.

நச்சு சாரின்தான் என்பது ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிட்டது. அந்தக் குழுவின் வளாகத்தருகே கமிகுயிஷிகி கிராமத்து மண்ணில் சாரினின் எச்சம் கிடைத்த செய்தியை, 1995 ஜனவரி 1 அன்று யோமியுரி ஷிம்புன் நாளிதழ் வெளியிட்டது. ஆனாலும் குழுவின் இடங்களில் பெரிய சோதனைக்குக் காவல்துறை குறித்த நாள் மார்ச் 22. குழு இரண்டு நாள் முந்திக்கொண்டது.

டோக்கியோவில் திறந்தவெளி இல்லை; அலுவலக நேரத்து நெரிசலில் ஐந்து ரயில்களின் மூடிய பெட்டிகள். கசுமிகசெகி நிலைய ஊழியர்கள், நச்சென்று அறியாமல், ரயிலில் விடப்பட்டு சாரின் கசிந்து நனைந்திருந்த பொட்டலத்தைக் கையாலேயே அகற்றினார்கள்; உயிரையும் விட்டார்கள். பலியானோர் 13 பேர். 2020இல் ஒரு பெண் 14ஆவது பலியாக இறந்தார். சிகிச்சைக்கு வந்தவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். செயின்ட் லூக் மருத்துவமனைக்கு மட்டும் அன்று 640 பேர், பெரும்பாலும் நடந்தும் டாக்சியிலும் வந்தார்கள். உடைகளைக் களையாமலே அவர்களை உள்ளே அனுமதித்ததால், சிகிச்சை தந்த ஊழியர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கண்மங்கலும் தலைவலியும் வந்தன.

முதலில் தீயணைப்புத் துறை சொன்ன பெயர் அசிட்டோநைட்ரைல். சாரின் என்று காவல்துறை அறிவிக்க ஏறத்தாழ மூன்று மணிநேரம் ஆனது. அதற்குள், மட்சுமோட்டோவில் நோயாளிகளைப் பார்த்த ஷின்ஷூ பல்கலைக்கழக மருத்துவர் ஒருவர், தொலைக்காட்சியில் அறிகுறிகளைக் கண்டு டோக்கியோ மருத்துவமனைகளைத் தொடர்புகொண்டார். கண்மணி சுருங்கியிருந்தால் சாரினைச் சந்தேகியுங்கள் என்றார். சாரினுக்கான மருந்து, பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு நம் ஊர் மருத்துவர்கள் அன்றாடம் தரும் அதே அட்ரோபினும் பிராலிடாக்சைமும்தான். பிராலிடாக்சைம் போதாமல் வெளியூர்களிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் வரவழைத்தார்கள்.

அந்த மருத்துவர் பதறிப்போய்ச் சொன்னதை, ஜப்பானிய அரசு ஒன்பது மாதங்களுக்கு முன்பே நாட்டின் எல்லா மருத்துவமனைகளுக்கும் ரயில் நிலையங்களுக்கும் எழுதி அனுப்பியிருக்க வேண்டும்.