மலையின் வடிவும் மாறாத எண்ணும்

நகரி மலையின் மூக்கினை நாம் நாள்தோறும் காண்கிறோம். முற்காலத்தில் சென்னைக் கரையை நாடி வந்த மாலுமிகளுக்கும் அஃது அடையாளமாக விளங்கிற்று. கடலில் நின்றால் ஒரு தோற்றம்; நம் தெருவில் நின்றால் வேறொரு தோற்றம். நிற்குமிடம் மாறினும் மாறாதது மலையில் யாது?

1802-இல் லாம்ப்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் நில அளவையைத் தொடங்கினார். அவ்வளவை தொலைவும் உயரமும் தந்தது. வடிவத்தின் கணக்கோ பின்னரே பிறந்தது. 1859-இல் கெய்லியும், 1870-இல் மாக்சுவெல்லும் மலைகளை எண்ணும் முறை கண்டனர். கடல் சூழ்ந்த தீவொன்றில் சிகரங்களையும் பள்ளங்களையும் கூட்டி, கணவாய்களைக் கழித்தால் எஞ்சுவது ஒன்றே. இரு சிகரங்களுக்கு ஒரு கணவாய், மூன்றுக்கு இரண்டு. 1925-இல் மார்சு என்பார் இக்கருத்தை எல்லா வடிவங்களுக்கும் விரித்தார்.

மலையை மூடிய வெள்ளம் மெல்ல வடிவதாகக் கருதுவோம். சிகரம் தலைகாட்டும்போது புதுத் தீவு பிறக்கிறது; கணவாய் வெளிப்படும்போது இரு தீவுகள் இணைகின்றன. இடைப்பட்ட உயரங்களில் கரை நகரினும் தீவுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. ஆகவே கணிப்பொறி கோடிப் புள்ளிகளைச் சுமக்க வேண்டா; பிறப்பையும் இணைப்பையும் கிளைவிட்ட மரம்போல் குறித்தாற் போதும். பாறைத் துண்டும் சிகரமாகுமோ எனின், பிறந்த உயரத்துக்கும் இணைந்த உயரத்துக்கும் வேறுபாடு சிறிதாயின் அதனை விலக்கிவிடலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் விஜய் நடராசன் இத்துறையில் ஆராய்ந்துள்ளார்.

1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் ஆந்திரத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக்கோடு மனிதர் வரைந்தது, ஆதலின் மாறிற்று. மலையின் சிகரமும் கணவாயும் அக்கோட்டை அறியா. நகரியாறும் அதனைக் கடந்து பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது.

நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பயில்கின்றனர். அது நன்றே. ஆயினும் இவ்வுயர்கணிதத்தின் அடிப்படைக்குச் சிகரம், கணவாய், பள்ளம் என்னும் மூன்று சொற்கள் போதும். மூன்றும் நம் வீட்டில் வழங்குவனவே. மாலையில் மலையைக் காட்டி, அவற்றைத் தமிழிலே எண்ணக் கற்பிப்போமாக.