"தலையணையைத் திருடியது யார்?" கடவுளிடமே கேட்ட கிரேக்கர்கள்: டொடோனா ஈயத் தகடுகள் சொல்வது என்ன?

பண்டைய கிரீஸில் குறி கேட்கும் இடம் என்றாலே பலருக்கும் அப்பல்லோவின் டெல்ஃபிதான் நினைவுக்கு வரும். ஆனால் கிரேக்க நாட்டிலேயே மிகப் பழமையான குறித்தலம் எது தெரியுமா? டொடோனா என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

எங்கே இருக்கிறது?

வடமேற்கு கிரீஸின் எபிரஸ் பகுதியில், டோமரோஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது டொடோனா. இன்றைய யோனினா நகரம் பக்கத்தில்தான்.

அங்கே எந்தக் கடவுள்?

கடவுள்களின் தலைவரான ஜீயஸ். அவருக்கு இங்கே 'நயோஸ்' என்று தனிப் பெயர். வழக்கமாக ஜீயஸின் மனைவி என்றால் ஹேராதான். ஆனால் டொடோனாவில் அவருக்கு ஜோடியாக வணங்கப்பட்டவர் டியோனி என்ற தெய்வம். கேள்விகளும் இரண்டு பேரின் பெயரையும் சொல்லியே கேட்கப்பட்டன.

கடவுள் எப்படிப் பேசினார்?

மரத்தின் வழியாக! புனிதமான ஓக் மரத்திலிருந்து ஜீயஸின் விருப்பத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று ஹோமரின் 'ஒடிசி' சொல்கிறது. காலைக் கழுவாமல், வெறுந்தரையில் படுக்கும் பூசாரிகள் அங்கே இருந்ததாக 'இலியட்' சொல்கிறது. ஹெரோடோட்டஸ் காலத்திலோ குறி சொன்னவர்கள் பெண் பூசாரிகள். அவர்களில் மூன்று பேரின் பெயரையே அவர் எழுதி வைத்திருக்கிறார்.

மக்கள் என்னதான் கேட்டார்கள்?

இதற்கான ஆதாரம் மண்ணுக்குள் இருந்தே கிடைத்தது. கேள்வியை மெல்லிய ஈயத் தகட்டில் கீறி, மடித்தோ சுருட்டியோ கொடுப்பது அங்கே வழக்கம். 2013-ல் வெளியான தொகுப்பில் மட்டும் 4,200-க்கும் மேற்பட்ட வாசகங்கள் உள்ளன.

அரசர்களின் போர்க் கேள்விகள் இருக்கும் என்று நினைத்தால், பெரும்பாலானவை வீட்டுக் கவலைகள். "அன்னிலா சுமக்கும் குழந்தை என்னுடையதுதானா?" என்று கேட்கிறார் லிசானியாஸ் என்பவர். காணாமல் போன போர்வையும் தலையணையும் வெளியாள் யாராவது திருடியதா என்று கேட்கிறார் ஆகிஸ். கல்யாணம், பயணம், தொழில், நோய் என எல்லாமே கேள்விதான்.

ஜீயஸின் வேலை என்ன?

இங்கேதான் விஷயம் இருக்கு. பல தகடுகளில், "எங்கள் குறையைத் தீர்த்து வை" என்று ஜீயஸிடம் கேட்கவில்லை. "எந்தக் கடவுளை வேண்டினால் சரியாகும்?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். மனைவி கிரெட்டையா மூலம் பிள்ளை பிறக்க யாரை வணங்கலாம் என்று ஹெர்மோன் கேட்டது இப்படித்தான். இன்றைய கோர்ஃபு தீவின் மக்களும், ஊர் ஒற்றுமையாக இருக்க எந்தத் தெய்வத்துக்குப் பலி கொடுக்கணும் என்று ஊராகச் சேர்ந்து கேட்டார்கள்.

அதாவது, எல்லாக் கடவுள்களுக்கும் தலைவர் என்றாலும் டொடோனாவில் ஜீயஸ் பெரும்பாலும் வழிகாட்டிதான். எந்த வாசலைத் தட்டணும் என்று சொல்வார். தட்ட வேண்டியது கேட்டவர்தான்.

பிறகு என்ன ஆனது?

கி.மு. 219-ல் ஏட்டோலியர்களும், கி.மு. 167-ல் ரோமானியர்களும் டொடோனாவைச் சூறையாடினார்கள். அந்த மரமும் இப்போது இல்லை. ஆனால் சாதாரண மனிதர்களின் கேள்விகள் மட்டும் ஈயத்தில் தப்பிவிட்டன. 2023-ல் இந்தத் தகடுகளை யுனெஸ்கோ தனது உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.