கடைசி அறை ஏன் குளிர்கிறது?



நியூஜெர்சியில் பழைய வீடு வாங்கிய நம் கூரத்துப் பெண் கேட்டாள்: "சார், கூடம் கொதிக்குது, குழந்தை படுக்கிற கடைசி அறை மட்டும் சில்லுனு இருக்கு."

பக்கத்து நியூயார்க்கில் 1882லேயே தெருவுக்கடியில் குழாய் பதித்து நீராவி விற்றார்கள். (நம்மூர் வெயிலில் சொன்னால் சிரிப்பார்கள்!) 1918 விஷக்காய்ச்சலுக்குப் பின், சன்னலைத் திறந்துவைத்தாலும் வீடு சூடாக இருக்கும்படி பெரிய ரேடியேட்டர்களை வைத்தார்கள். கூடம் கொதிக்க அதுவும் காரணமாகலாம்.

ஒற்றைக் குழாய் வீட்டில், உள்ளே நிற்கும் காற்று வெளியேறினால்தான் நீராவி வரும். குக்கரில் ஆவி வந்தபின் வெயிட் போடுகிறோமே, அந்தக் கதைதான். இங்கே சூடு பட்டதும் வால்வு தானே மூடிக்கொள்ளும்.

எல்லா அறைக்கும் ஒரே வால்வு வாங்காதே அம்மா. முதலில் பெரிய குழாயின் கோடியில் பெரிய வால்வு. பிறகு தூரத்து அறைக்கு வேகமாகக் காற்றை விடுவது, கூடத்துக்கு மெதுவானது. கழற்றுமுன் கொதிகலனை அணைத்து ஆறவிடு.