வீட்டைக் கட்டிப் பார்... அதற்கு முன்னால் அனுமதி வாங்கிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழமொழி பிறந்த காலத்தில் கவலையெல்லாம் செங்கல், சுண்ணாம்பு, கொத்தனார், கூலி என்று இருந்திருக்கும். இன்றைக்கு முதல் செங்கல்லை வைப்பதற்கு முன்பே ஒரு கத்தைக் காகிதம் தேவைப்படுகிறது. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம், இன்ஜினியர் போட்ட வரைபடம், அப்புறம் திட்ட அனுமதி, கட்டிட அனுமதி...

"பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். இது சட்டத்தைவிடக் கணக்கு அதிகமாக உள்ள விஷயம். சென்னையையும் தமிழ்நாட்டையும் வைத்தே பார்ப்போம். முதலில் வரலாறு.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

கட்டிடங்களுக்கு அரசு விதி போடத் தொடங்கியது நோய்ப் பயத்தால். 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. காற்றும் வெளிச்சமும் நுழையாத நெருக்கமான வீடுகள்தான் காரணம் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். "வீட்டைச் சுற்றி இடம் விடு" என்று இன்றைக்கு நம்மிடம் சொல்கிற விதிக்கு வேர் அங்கே இருக்கிறது.

சென்னைக்கு இந்த யோசனை வந்த கதை சுவாரசியமானது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடிஸ் என்ற நகரமைப்பு அறிஞரைச் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைத்தார். கெடிஸ் வேறு கப்பலில் வந்தார். அவருடைய கண்காட்சிப் படங்களும் வரைபடங்களும் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் வந்தன. 1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன், அடுத்த மாதம் அந்தக் கப்பலை மூழ்கடித்துவிட்டது! (நம் ஊரில் கில்லாடி ஆசாமியை "எம்டன்" என்கிறோமே, அதே எம்டன்தான்.) இங்கிலாந்திலிருந்த நண்பர்கள் அவசரமாகப் புதிய படங்களைத் திரட்டி அனுப்ப, 1915-இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தது.

பிறகு 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. ஒரு பகுதிக்கு நகராட்சி திட்டம் தயாரிக்கலாம், சாலை எங்கே மனை எங்கே என்று தீர்மானிக்கலாம், அங்கே கட்டுகிறவர்கள் அதற்கு ஒத்துப்போக வேண்டும். இதுதான் அதன் சாரம். அந்தக் காலத்தில் உருவானதுதான் நம்முடைய தி.நகர். 1923-இல் தொடங்கி மாம்பலத்தின் நெடிய ஏரியை வற்றவைத்து, பனகல் பூங்காவை மையமாக வைத்துத் தெருக்கள் போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பார்ப்பதற்கு லேக்தான் இல்லை :-)

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் வீடு கட்டலாம் என்று முதலில் காட்டியது ஏழை ஜனங்கள் அல்ல, அரசாங்கத் திட்டம்தான். பிற்காலத்தில் வீட்டுவசதி வாரியமே 'முகப்பேர் ஏரித் திட்டம்' என்று பெயரிலேயே ஏரியை வைத்துக்கொண்டு மனை போட்டது.

ஒரு வீடு, இரண்டு அனுமதி

இன்று நாம் சந்திக்கும் நடைமுறைக்கு அடிப்படை 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்படி திட்ட அனுமதி இல்லாமல் நிலத்தில் எந்த 'மேம்பாடும்' செய்யக் கூடாது. அனுமதியில்லாமல் கட்டினால் இடிக்கவும் அதிகாரம் உண்டு. சென்னைப் பகுதிக்கு எம்.எம்.டி.ஏ. வந்தது (ஊர்ப் பெயர் மாறியபின் சி.எம்.டி.ஏ.). மற்ற ஊர்களுக்கு டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம்.

இங்கேதான் சாதாரண ஜனங்கள் குழம்புகிறார்கள். திட்ட அனுமதி வேறு, கட்டிட அனுமதி வேறு. நிலத்தை இன்ன உபயோகத்துக்கு, இன்ன உயரத்தில், இவ்வளவு இடம் விட்டுக் கட்டலாம் என்பது திட்ட அனுமதி. மாநகராட்சியோ, நகராட்சியோ, ஊராட்சியோ தன் சட்டப்படி தருவது கட்டிட அனுமதி. சின்ன வீடுகளுக்குத் திட்ட அனுமதி தரும் அதிகாரத்தையும் உள்ளாட்சிக்கே ஒப்படைத்திருப்பதால், பலருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

இன்னொன்று. அனுமதி இருக்கிறது என்பதற்காகக் கட்டிடம் உறுதியானது என்று அர்த்தமில்லை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அது திட்ட அனுமதி பெற்ற கட்டிடம்தான். கட்டும்போது கம்பி, கான்கிரீட், அஸ்திவாரம் சரியாக இருக்கிறதா என்று தினமும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவர் வேறு ஆள். சொந்த வீடு கட்டுபவர்கள் பலர் இந்த வேலையை முழுக்க மேஸ்திரியிடம் விட்டுவிடுகிறார்கள்.

மஞ்சள் கல் காலம்

சட்டம் 1971-இல் வந்துவிட்டது. பிறகு எப்படி ஊரெங்கும் அப்ரூவல் இல்லாத மனைகள்? பெட்ரோல் செலவில்லாமல் வேனில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, மஞ்சள் கல் நட்ட வயலைக் காட்டி, மாதத் தவணையில் மனை விற்ற காலத்தை வீட்டில் அப்பா, சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லித்தான் விற்பார்கள். உண்மையில் லே-அவுட்டுக்கு ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது.

ஏன் அப்படி விற்றார்கள்? ஒரு சின்னக் கணக்கு. 1 ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட்டில், சாலை போக மீதியில் 10 சதவீதம் பூங்கா போன்ற பொது உபயோகத்துக்கு என்பது விதி. (1 ஏக்கர் என்பதே 4,047 சதுர மீட்டர்.) முறையான அகலச் சாலைக்குக் கால் பங்கு போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 32,670. அதில் 10 சதவீதம் கழித்தால் சுமார் 29,400 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி வீதம் 12 கிரவுண்டு. பூங்காவே இல்லாமல், குறுகிய சாலைக்கு 15 சதவீதம் மட்டும் விட்டால் 37,000 சதுர அடி, அதாவது 15 கிரவுண்டு! ஏக்கருக்கு 3 கிரவுண்டு வித்தியாசம். விலை குறைவாகக் கொடுத்தும் விற்பவருக்கு லாபம்.

வாங்கியவர் இழந்தது என்ன? பூங்காவும், ஆம்புலன்ஸ் நுழையும் சாலையும், மழைநீர் போகும் வழியும். முக்கியமாக, வங்கிக் கடனும். அப்ரூவ்டு பிளான் இல்லாவிட்டால் வங்கி வீட்டுக் கடன் தராது. அப்புறம் நகைக் கடன், சீட்டுப் பணம், வட்டிக்காரர் என்று போக வேண்டியதுதான். மனையில் மிச்சப்படுத்திய பணம் வட்டியில் போய்விடும்.

மன்னிப்பு மேல் மன்னிப்பு

1990-களின் இறுதியில் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. மீறிய கட்டிடங்களையெல்லாம் இடிக்க முடியாது, பணம் வாங்கிக்கொண்டு வரைமுறைப்படுத்திவிடலாம். சட்டத்தில் 113-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றுக்கு மட்டும் இந்தச் சலுகை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000-இல் வந்த தீர்ப்பு, அரசு முன்பு தனித்தனியாக விதிவிலக்கு கொடுத்திருந்த 62 அரசாணைகளை ரத்து செய்தது. 113-ஏ பிரிவை, ஒரே ஒரு தடவை எடுக்கும் நடவடிக்கை என்பதால் அனுமதித்தது.

ஒரே தடவையோடு நின்றதா? இல்லை. அடுத்தடுத்து தேதியை நீட்டித் திருத்தங்கள் வந்தன. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாது என்றது. இடிக்க வேண்டிய நிலை வந்ததும் 2007-இல் அவசரச் சட்டம் வந்து கட்டிடங்களைக் காப்பாற்றியது. பிறகு 2012-இல் 113-சி என்ற புதிய பிரிவு. அதற்கான விதிகள் வந்தது 2017-இல். இந்த முறை 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கு.

மனைகளின் கதையும் இதேதான். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது. பத்திர அலுவலகங்கள் வெறிச்சோடின. மகள் கல்யாணத்துக்காக மனையை விற்க நினைத்தவர்கள் விற்க முடியாமல் தவித்தார்கள். 2017 மே மாதம் மனை வரைமுறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளுக்குக் கட்டணம் செலுத்திச் சரிசெய்துகொள்ளலாம். அதற்கான கடைசித் தேதியும் பல தடவை நீண்டது.

இப்போது கணக்குக்கு வருவோம்

நாம் வருமான வரிப் பாடத்தில் 1997-இன் வி.டி.ஐ.எஸ். பற்றிப் படித்திருக்கிறோம். மறைத்த வருமானத்தைச் சொல்லி வரி கட்டினால் அபராதம் இல்லை என்ற திட்டம். அப்போது வந்த கேள்வி: ஒழுங்காக வரி கட்டியவன் முட்டாளா? கட்டிட வரைமுறையிலும் அதே கேள்விதான்.

30-க்கு 40 மனை, 1,200 சதுர அடி. நான்கு பக்கமும் 5 அடி விட வேண்டும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம் (உண்மை அளவு மனைக்கும் சாலைக்கும் ஏற்ப மாறும்). விதியை மதித்தவர் தரைத்தளத்தில் 20-க்கு 30, அதாவது 600 சதுர அடி கட்டுகிறார். பக்கத்து மனைக்காரர் முன்பக்கம் மட்டும் 5 அடி விட்டு, மற்ற மூன்று பக்கமும் சுவரை ஒட்டி 1,050 சதுர அடி கட்டுகிறார். மாடிக்கு மாடி 450 சதுர அடி அதிகம். அதை வாடகைக்கும் விடுகிறார். பத்து வருஷம் கழித்து ஒரு கட்டணம் கட்டிச் சரிசெய்துகொள்கிறார்.

கடைசியில் இருவர் வீடும் சட்டபூர்வம். முதல் ஆளுக்கு மிஞ்சியது என்ன? அவர் ஜன்னலுக்கு வர வேண்டிய காற்றையும் பக்கத்துச் சுவர் அடைத்துவிட்டது. விதி போட்டதே அந்தக் காற்றுக்காகத்தான்! இப்படி நடப்பதை ஊரே பார்க்கும்போது, மூன்றாவதாக வீடு கட்டுகிறவர் எந்தப் பக்கம் சாய்வார்?

அதே சமயம், மீறியவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்றும் சொல்ல முடியாது. வாடகையும் கட்டிக்கொண்டு, கடனுக்கு வட்டியும் கட்டிக்கொண்டு, அனுமதிக்காக மாதக்கணக்கில் அலைய எல்லோராலும் முடியாது. மழைக்கு முன் தளம் போட வேண்டும், கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார், மணல் விலை ஏறிவிடும். சட்டப்படி நடப்பதற்கே ஒரு செலவு இருக்கிறது. அது அதிகமாக இருக்கும்வரை மீறல் மலிவாகத்தான் தெரியும்.

அந்த வகையில் 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தை முக்கியமாக நினைக்கிறேன். 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ ஒரு மாடியோ கட்டுபவர், இணையத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டியே ஆய்வு இல்லை. சொன்னது பொய்யானால் பொறுப்பு உரிமையாளருடையது. 2,500 என்ற அளவைக் கவனியுங்கள். நம் ஊர் ஒரு கிரவுண்டு அதற்குள் அடங்கிவிடும். இதுவரை மீறியவருக்கான கட்டணத்தைத்தான் குறைத்தார்கள். இது முறையாகக் கட்ட நினைப்பவரின் செலவையும் அலைச்சலையும் குறைக்கிறது.

ஆனால் ஒன்று. மனை ஏரிக்குள் இருந்தால், அதைச் சுயசான்றால் மேடாக்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளம் யாரிடமும் அப்ரூவல் கேட்கவில்லை. அதனால் மனை பார்க்கப் போகிறவர்கள், விலை கேட்பதற்கு முன் நான்கு விஷயம் கேளுங்கள். லே-அவுட்டுக்கு சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. எண் உண்டா? பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா? பழைய வருவாய் ஆவணத்தில் அது ஏரியா, வாய்க்காலா, நஞ்சையா? மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் எவ்வளவு நிற்கும்? கடைசிக் கேள்வியை மட்டும் புரோக்கரிடம் கேட்காதீர்கள், அந்தத் தெரு டீக்கடைக்காரரிடம் கேளுங்கள்.