டயரின் மூன்று நிறங்கள்

நீண்ட பதிவுதான். வகுப்பில் இருந்த அதே பொறுமையோடு படியுங்கள்.

ஓய்வுபெற்ற பிறகு வாங்கிய காரை ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே கழுவுவேன். டயர் ஓரத்தில் படியும் பழுப்பு நிறம் மட்டும் என்ன தேய்த்தாலும் திரும்பத் திரும்ப வரும். யாரோ சொன்னார்கள் என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே கொஞ்சம் டீசல் பூசிவிடுவேன். புது டயர் போலப் பளபளக்கும். எனக்கு அதில் பெருமை.

போன மாதம் காற்றுப் பிடிக்கப் போனேன். கடைக்காரர் என் பழைய மாணவர். குனிந்து பார்த்தவர் டயரின் பக்கவாட்டைக் காட்டினார். மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள். "சார், வெயில்ல ஓடித் தேய்ஞ்ச டயர் இல்ல இது. நீங்க துடைச்சுத் துடைச்சே கெடுத்திருக்கீங்க. அந்தப் பழுப்பு அழுக்கு இல்ல சார், அதுதான் டயருக்கு மருந்து" என்றார். நான்கு டயரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த பையன் எனக்குப் பாடம் எடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து அந்தப் பாடத்தை முழுசாகப் படித்தேன். ஒரு டயருக்குள் மூன்று நிறங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வரலாறு.

முதலில் பழுப்பு. ஓசோன் என்றால் வானத்தில் நமக்குக் குடை பிடிப்பது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது சரிதான். ஆனால் தரைக்குப் பக்கத்தில் உள்ள கொஞ்சம் ஓசோன் ரப்பருக்குப் பகைவன். இழுபட்டு நிற்கும் ரப்பரை அது வெடிக்க வைக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வேதியியலாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மெழுகையும் ஒரு தடுப்பு ரசாயனத்தையும் ரப்பருக்குள்ளேயே கலந்துவிட்டார்கள். வண்டி ஓட ஓட அவை மெல்ல மேலே கசிந்து வரும். அந்த ரசாயனம் ரப்பருக்கு முன்னால் தானே போய் ஓசோனிடம் அடிபடும். அடிபட்டதன் அடையாளம்தான் அந்தப் பழுப்பு. மண்ணெண்ணெயும் டீசலும் அந்தப் பூச்சைக் கரைத்து எடுப்பதோடு, ரப்பரையும் ஊதவைத்து இளக்கிவிடும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை பெய்ததும் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்துப்போயின. பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகு 2020இல் காரணம் தெரிந்தது. டயர் தேய்ந்த தூளில் உள்ள இதே தடுப்பு ரசாயனம் ஓசோனோடு சேர்ந்து மாறி, மழைநீரில் கலந்து மீனுக்கு நஞ்சாகியிருந்தது. ஆகவே டயர் கழுவிய தண்ணீரைக் கிணற்றடிக்கோ குளத்து வாய்க்காலுக்கோ விடாதீர்கள்.

அடுத்தது கருப்பு. ஆதியில் டயர் கருப்பே இல்லை. அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் 1839இல் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாது, குளிரில் உடையாது என்று கண்டார். 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தார். அந்தக் காலத்து டயர்கள் வெளிறிய நிறம். டயர்களை அடுக்கி வைத்தது போன்ற மிஷெலின் கம்பெனியின் பொம்மை மனிதன் 1898இல் பிறந்தவன். அவன் ஏன் இன்னும் வெள்ளையாக இருக்கிறான் என்று இப்போது புரிகிறதா?

1904இல் லண்டனின் சில்வர்டவுன் பகுதித் தொழிற்சாலையில், புகைக்கரியைக் கலந்தால் ரப்பர் பல மடங்கு உறுதியாகிறது என்று கண்டார்கள். நம் வீட்டில் விளக்குச் சுடரின் மேல் கிண்ணம் பிடித்துக் கண்மை எடுப்போமே, அதே சங்கதிதான். பிறகு குட்ரிச் கம்பெனி அமெரிக்காவில் அதைப் பின்பற்றியது. அவர்களுக்குக் கரி கொடுத்த பின்னி அண்ட் ஸ்மித் கம்பெனி யார் தெரியுமா? குழந்தைகளுக்கு கிரேயோலா வண்ணக் குச்சியும், வாத்தியார்களுக்குத் தூசி பறக்காத சாக்பீஸும் செய்தவர்கள்! சாக்பீஸ் பிடித்தே வாழ்ந்த எனக்கு டயர் தூரத்து உறவாகிவிட்டது. இன்றைய டயரின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு அந்தக் கரிதான்.

கடைசியாக வெள்ளை. அதுதான் ரப்பர் பால். இதில் நம் குடும்பமே இருக்கிறது.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். 2,700 அளவில்தான் முளைத்தன. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையை அங்கே ஹென்றி ரிட்லி சீர்படுத்தினார். கார்கள் பெருகியதும் மலாயாக் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. வேலைக்கு ஆள்? கங்காணிகள் நம் ஊர்களுக்கு வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் நம்மவர்கள்.

என் அப்பாவின் அப்பாவும் அவர் தம்பியும் அப்படிப் போனவர்கள்தான். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, வெயில் ஏறுமுன் பால் வெட்டி முடிக்க வேண்டும், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். தாத்தா யுத்தத்துக்கு முன்பே ஊர் திரும்பினார். தம்பி தோட்டத்திலேயே நின்றுவிட்டார். 1942-43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கி.மீ. ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் பேர் மாண்டார்கள். சின்னத் தாத்தா அதில் போனவர் என்று தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னதோடு சரி. திதி கொடுக்க நாள் தெரியாது என்று தாத்தா கடைசிவரை மாளய அமாவாசைக்குத்தான் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்.

போன சனிக்கிழமை பேரனோடு புது டயர்களைக் கழுவினேன். நிழலில் நிறுத்தி, சக்கரம் ஆறிய பிறகு முதலில் வெறும் தண்ணீர். ரிம்மில் ஒட்டும் கருந்தூள் பிரேக்கிலிருந்து வரும் இரும்புத்தூள். துரு ஏறும், அதனால் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். கக்கூஸ் ஆசிட் கூடாது, அலாய் வீல் அரித்துப்போகும். வாளித் தண்ணீரில் கார் ஷாம்பூ, மென்மையான பிரஷ், சக்கரத்துக்கென்று தனித் துணி. தரையில் படும் பகுதியில் பாலிஷ் எதுவும் கூடாது, வழுக்கும்.

"தாத்தா, இந்தப் பழுப்பு போகவே இல்லையே" என்றான். "போகாத வரைக்கும் நல்லது, விட்டுவிடு" என்றேன்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது மலாயாக் கடிதமோ, படமோ, கப்பல் சீட்டோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். சின்னத் தாத்தாவின் முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

அன்புடன்,
உங்கள் சார்